கெட்ஃபேக்கிளில் அனுமதி இருக்கிறது, ஆனால் எழுத முடியவில்லை

கேள்வி:

/எஸ்ஆர்வி/கணக்கு என்று ஒரு ஃபோல்டர். ஆடிட் என்ற யூசருக்கு மட்டும் செட்ஃபேக்கிள் (ஏசிஎல் வைக்கும் கமாண்ட்; ஏசிஎல் என்றால் ஒரு ஃபைலில் யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) போட்டு முழு பெர்மிஷன் கொடுத்தேன். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. இப்போது அவரால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. அந்தப் பட்டியலைக் காட்டும் கெட்ஃபேக்கிளில் அந்த வரி அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை. லினக்ஸில் ஏசிஎல் சும்மா பேருக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். யாராவது மறுக்க முடியுமா?

8 ஜூலை 2024, காலை

கெட்ஃபேக்கிள் காட்டுவதை வலது ஓரம் வரை பாருங்கள். ஆடிட் வரிக்குப் பக்கத்தில் # போட்டு 'எஃபெக்டிவ்: ஆர்-எக்ஸ்' என்று இருக்கும் (ஆர் படிக்க, டபிள்யூ எழுத, எக்ஸ் ஓட்ட அல்லது ஃபோல்டருக்குள் நுழைய; கோடு இருந்தால் அந்த அனுமதி இல்லை). இருந்தால் யாரோ அங்கே சிஎச்மாட் (பெர்மிஷனை மாற்றும் கமாண்ட்) ஓட்டியிருக்கிறார்கள். 750 அல்லது 755 (இலக்கங்கள் முறையே ஓனர், குரூப், மற்றவர்களுக்கு; ஆர் 4, டபிள்யூ 2, எக்ஸ் 1, இவற்றின் கூட்டல்), அதுவும் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து. கீழே மாஸ்க் என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் டபிள்யூ போயிருக்கும். உங்கள் ஆடிட் வரியை யாரும் தொடவில்லை என்பது சரிதான். தொட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போதைக்கு: செட்ஃபேக்கிள் -ஆர் -எம் எம்::ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/கணக்கு. இதில் -ஆர் பெரிய எழுத்து, கடைசியில் வரும் எக்ஸும் பெரிய எழுத்து. மற்றதெல்லாம் சின்னது. கமாண்டுகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

8 ஜூலை, இரவு

"மாஸ்க் என்று ஒன்றை எதற்கு வைத்தார்கள், குழப்பவா?" என்று அதே ஆள் திரும்பக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் ஏசிஎல்லில் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய யூனிக்ஸ் பெர்மிஷனில் மூன்று கட்டம்தான்: ஓனர், குரூப், மற்றவர்கள். ஏசிஎல் வந்ததும் நுழைவு ஆறு வகை ஆகிறது. ஓனர், பெயர் சொன்ன யூசர், ஃபைலின் சொந்தக் குரூப், பெயர் சொன்ன குரூப், மாஸ்க், மற்றவர்கள். ஆனால் சிஎச்மாட், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ், இன்னும் ஆயிரம் பழைய புரோகிராம்கள் எல்லாவற்றுக்கும் மூன்று கட்டம்தான் தெரியும். அவை ஏசிஎல் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு மெயில் புரோகிராம் தன் ஃபைலுக்கு 600 போடுகிறது என்று வையுங்கள். ஓனரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்பது அதன் எண்ணம். ஏசிஎல்லில் இன்னொரு யூசருக்கு ரீட் கொடுத்திருந்து, 600 போட்ட பிறகும் அவர் ஜாலியாகப் படித்துக்கொண்டிருந்தால் அந்தப் புரோகிராம் ஏமாந்தது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஏசிஎல்லில் மாஸ்க் இருந்தால், சிஎச்மாட் தொடும் நடுக் கட்டம், அதாவது குரூப் கட்டம், மாஸ்க்கோடு இணைக்கப்படும். பெயர் சொன்ன யூசர், சொந்தக் குரூப், பெயர் சொன்ன குரூப் ஆகிய மூவருக்கும் மாஸ்க்தான் உச்ச வரம்பு. ஓனருக்கும் மற்றவர்களுக்கும் அது பொருந்தாது. மேல்தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் வால்வைத் திறந்த அளவுதானே குழாயில் வரும், அவ்வளவுதான் விஷயம். 600 போட்டால் வால்வு மூடிவிடுகிறது. நீங்கள் எழுதிய வரிகள் தொட்டியில் பத்திரமாகவே இருக்கும்.

ஆகவே எல்எஸ் -எல் போடும்போது கடைசியில் + குறி தெரிந்தால், நடுவில் காட்டும் மூன்று எழுத்து குரூப்பின் பெர்மிஷன் இல்லை, மாஸ்க். இதைத் தெரிந்துகொள்ளாமல் வருடக்கணக்கில் சர்வர் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

9 ஜூலை

மேலே எழுதியதற்கு ஒரு வால். இதே காரணத்தால் எதிர்ப்பக்கமும் ஒரு குழி இருக்கிறது. + குறி இருக்கும் ஃபைலுக்கு சிஎச்மாட் ஜி+டபிள்யூ போடுகிறீர்கள். எல்எஸ் பளிச்சென்று டபிள்யூ காட்டுகிறது. குரூப்பில் ஒருவராலும் எழுத முடியவில்லை. ஏனென்றால் நீங்கள் ஏற்றியது மாஸ்க்கை, சொந்தக் குரூப்பின் வரி பழையபடி ஆர்-எக்ஸ் என்றே இருக்கிறது. செட்ஃபேக்கிள் -எம் ஜி::ஆர்டபிள்யூஎக்ஸ் என்று போட வேண்டும், இரண்டு கோலனுக்கு நடுவே ஒன்றும் இல்லாமல்.

9 ஜூலை, சற்று நேரம் கழித்து

இன்னொன்று, இது கொஞ்சம் ஆபத்தானது. செட்ஃபேக்கிள் -எம் போடும்போதெல்லாம் மாஸ்க்கை அதுவே புதிதாகக் கணக்குப் போடும். எல்லாக் குரூப் வகை நுழைவுகளையும் சேர்த்து, யாருக்கும் குறையாத அளவு மாஸ்க்கைத் திறந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். பழைய ஃபைல் ஒன்றில் ஐந்தாறு பேருக்கு ரைட் கொடுத்திருந்தது. அப்புறம் யாரோ 600 போட்டு எல்லாரையும் அடைத்தார்கள். வரிகள் உள்ளே தூங்குகின்றன. இன்று நீங்கள் போய் புதிதாக ஒருவருக்கு வெறும் ரீட் கொடுக்கிறீர்கள். மாஸ்க் மறுபடி திறக்கிறது, பழைய ஐந்தாறு பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு எச்சரிக்கையும் வராது. -என் போட்டால் இந்த மறுகணக்கு நடக்காது. நான் இப்போது எதையும் மாற்றும் முன் கெட்ஃபேக்கிள் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். நிரந்தரமாக அடைக்க வேண்டுமென்றால் -பி (ஏ, பி, சி என்று வருகிற பி) போட்டு ஏசிஎல்லை மொத்தமாகக் கழற்றிவிட்டு அப்புறம் சிஎச்மாட் போடுங்கள்.

11 ஜூலை

"டிஃபால்ட் ஏசிஎல் வைத்துவிட்டேன், புது ஃபைல்கள் தானாகச் சரியாக வர வேண்டாமா? பாதி வருகிறது, பாதி வருவதில்லை."

எந்தப் பாதி என்று பார்த்தால் விடை தெரியும். டைரக்டரியில் -டி போட்டு வைக்கும் டிஃபால்ட் ஏசிஎல், அங்கே புதிதாகப் பிறக்கும் ஃபைலுக்கு இறங்கும். ஆனால் ஃபைலைப் பிறப்பிக்கும் புரோகிராம் ஒரு மோடையும் சேர்த்துக் கேட்கிறது. அந்த மோடில் இல்லாத பெர்மிஷன் ஓனர், மாஸ்க், மற்றவர்கள் ஆகிய மூன்று வரிகளிலிருந்தும் வெட்டப்படும். எடிட்டரில் புது ஃபைல் திறந்து சேமித்தால் பெரும்பாலும் 666 கேட்கும், மாஸ்க் ஆர்டபிள்யூ ஆகும், எல்லாரும் எழுதலாம். சிபி போட்டு காப்பி எடுத்தால் கதை வேறு. மூல ஃபைலின் மோடு என்னவோ அதையே சிபி கேட்கும். மூலம் 644 என்றால் மாஸ்க் வெறும் ஆர். ஆடிட் வரி ஆர்டபிள்யூஎக்ஸ் என்று அழகாக இறங்கியிருக்கும், பக்கத்தில் எஃபெக்டிவ் ஆர் என்று இருக்கும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமா? ஒரே 644 ஃபைலை ஒருமுறை சிபி போட்டும், ஒருமுறை கேட் (உள்ளடக்கத்தைக் கொட்டும் கமாண்ட்) போட்டு > குறி வழியாகவும் அந்த ஃபோல்டருக்குள் கொண்டுபோங்கள். ஷெல் 666 கேட்டுத்தான் ஃபைல் உண்டாக்கும். உள்ளடக்கம் ஒன்றுதான், மாஸ்க் இரண்டும் வேறு வேறு. முதன்முதலில் இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எம்வி (ஃபைலை இடம் மாற்றும் கமாண்ட்) இன்னும் மோசம். ஒரே பார்ட்டிஷனுக்குள் எம்வி என்பது பெயர் மாற்றம்தான். புதிதாக எதுவும் பிறக்கவில்லை, அதனால் டிஃபால்ட் ஏசிஎல்லுக்கு அங்கே வேலையே இல்லை. ஃபைல் தன் பழைய பெர்மிஷனோடு வந்து உட்காரும். டவுன்லோட்ஸிலிருந்து இழுத்துப் போட்ட ஃபைலை மட்டும் யாராலும் திறக்க முடியவில்லை என்று புகார் வந்தால் இதுதான்.

12 ஜூலை

டிஃபால்ட் ஏசிஎல் இருக்கும் டைரக்டரியில் யூமாஸ்க் (புது ஃபைலிலிருந்து எந்த அனுமதிகளை வெட்ட வேண்டும் என்று வைக்கும் எண், ஏசிஎல் மாஸ்க் வேறு) பார்க்கப்படாது. இது உண்மை. இதை வைத்து ஒருவர், "அப்படியானால் யூமாஸ்க்கை 077 என்று வைத்தாலும் கவலையில்லை" என்று முடிவுக்கு வந்திருக்கிறார். நேரடியாக அங்கேயே உண்டாகும் ஃபைலுக்குக் கவலையில்லைதான். ஆனால் அவர் வீட்டு டைரக்டரியில் டிஃபால்ட் ஏசிஎல் இல்லை. அங்கே 077 யூமாஸ்க்கில் பிறந்த ஃபைல் 600 ஆக இருக்கும். அதைக் கூட்டு ஃபோல்டருக்கு சிபி போட்டால் மாஸ்க் காலி. நேற்று சொன்னதுதான், ஒரு படி முன்னால் தொடங்குகிறது.

ஆகவே சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் எல்லாருக்கும் யூமாஸ்க் 002 வைப்பது நல்லது. ஆளுக்கொரு தனிக் குரூப் இருக்கிற லினக்ஸ்களில், ரெட் ஹேட் வழியில் வந்தவை அப்படித்தான், 002 வைப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. எல்லாரும் 'யூசர்ஸ்' என்ற ஒரே குரூப்பில் இருக்கிற சர்வரில் 002 வைக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

15 ஜூலை

இழை தடம் மாறி "ஏசிஎல் வேண்டுமா, குரூப் போதுமா" என்ற பழைய சண்டைக்குப் போய்விட்டது. சரி, என் பங்கு.

நான் குரூப் கட்சி. டைரக்டரிக்கு 2775, அந்த 2 இருப்பதால் உள்ளே பிறக்கும் ஃபைல் எல்லாம் டைரக்டரியின் குரூப்பையே எடுத்துக்கொள்ளும், யூமாஸ்க் 002, முடிந்தது. யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டி வகைகளில் அந்த 2 கூடத் தேவையில்லை, அங்கே குரூப் எப்போதும் டைரக்டரியிலிருந்துதான் வரும். எந்த டூலும் இதைப் புரிந்துகொள்ளும், எந்த பேக்கப்பும் இதை விட்டுவிடாது, புதிதாக வேலைக்கு வருகிற பையன் எல்எஸ் பார்த்தே சொல்லிவிடுவான்.

குரூப் எங்கே போதாது என்றால், ஒரே ஃபோல்டரில் ஒரு கூட்டம் எழுத வேண்டும், இன்னொரு கூட்டம் படிக்க மட்டும் வேண்டும், மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. மூன்று கட்டத்தில் இதை அடைக்க முடியாது. அங்கேதான் ஏசிஎல்.

15 ஜூலை, இரவு

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு விஷயத்துக்கு நான் உரிய மதிப்புத் தரவில்லை. குரூப்பில் ஒருவரைப் புதிதாகச் சேர்த்தால், அவர் லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வரும்வரை அது அவருக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் குரூப் பட்டியல் லாகின் நேரத்தில் எடுத்த படிதான். நாள் கணக்கில் ஓடுகிற ஒரு ஜாப் இருந்தால், அதை நிறுத்தாமல் அனுமதி கொடுக்க வழி இல்லை. ஏசிஎல்லில் யூசர் பெயரில் ஒரு வரி போட்டால் அடுத்த நொடியே வேலை செய்யும், எடுத்தாலும் அப்படியே. மாதக் கடைசியில் வந்து சில நாள் மட்டும் கணக்குப் பார்க்கிற ஆடிட்டருக்கு இது கச்சிதம்.

பழைய என்எஃப்எஸ்ஸில் (இன்னொரு சர்வரின் ஃபைல்களை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை) இன்னொரு தலைவலியும் உண்டு. சாதாரண யூனிக்ஸ் அடையாள முறையில் ஒரு யூசருக்கு 16 குரூப்தான் கம்பி வழியாகப் போகும். பதினேழாவது குரூப்பில் கிடைத்த அனுமதி என்எஃப்எஸ் மவுண்டில் மாயமாகிவிடும். குரூப்பாகக் குவித்துக்கொண்டே போகிறவர்கள் ஒருநாள் இதில் முட்டிக்கொள்வார்கள்.

ஆக, காலையில் பேசிய கட்சிக்காரன் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறான்.

16 ஜூலை

"ஆர்டபிள்யூஎக்ஸ் முழுதும் கொடுத்திருக்கிறேன், அந்த யூசரால் செட்ஃபேக்கிள் போட முடியவில்லையே?"

முடியாது. ஏசிஎல்லை மாற்ற ஓனராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்). எழுதும் அனுமதி உள்ளடக்கத்துக்கு மட்டும். ஃபைலை அழிப்பது இதிலும் சேராது, அது டைரக்டரியின் டபிள்யூவைப் பொறுத்தது.

17 ஜூலை

"ஒருவரை மட்டும் விலக்கி வைக்க முடியுமா?" முடியும். யூ:பெயர்:--- என்று மூன்று கோடு. எப்படி வேலை செய்கிறது என்றால், கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) மேலிருந்து வரிசையாகப் பார்க்கும். ஓனரா? இல்லையென்றால் பெயர் சொன்ன யூசரா? இல்லையென்றால் ஏதாவது குரூப்பா? இல்லையென்றால் மற்றவர்கள். யூசர் வரி பொருந்திவிட்டால் அதோடு தீர்ப்பு. அவர் பத்துக் குரூப்பில் இருந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாது.

குரூப்பில் இந்தத் தந்திரம் செல்லாது. ஜி:தற்காலிகம்:--- என்று போட்டாலும், அதே ஆள் அனுமதி உள்ள வேறொரு குரூப்பிலும் இருந்தால் உள்ளே வந்துவிடுவார். பொருந்துகிற குரூப்களில் ஏதாவது ஒன்று சரி என்று சொன்னால் போதும். அதே சமயம் இரண்டு குரூப்பைக் கூட்டிப் பார்க்காது. ஒன்றில் ரீட், இன்னொன்றில் ரைட் இருந்து, ஃபைலை இரண்டுக்கும் சேர்த்துத் திறக்கக் கேட்டால் கிடைக்காது. இந்த மூலையில் மாட்டியவர்கள் குறைவு, மாட்டினால் மண்டை காயும்.

ஓனரை இந்த வழியில் அடைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முதல் வரியிலேயே தீர்ப்பு ஆகிவிடும், அப்புறம் ஏசிஎல்லை அவரே மாற்றிக்கொள்ளலாம்.

21 ஜூலை

இழைக்கு வெளியே தனியாக ஒருவர் கேட்டது, இங்கேயே பதில் போடுகிறேன். "கெட்ஃபேக்கிளில் ஒரு வரியில் பெயருக்குப் பதில் 1017 என்று எண் வருகிறது, வைரஸா?"

வைரஸ் இல்லை. வேலையை விட்டுப் போன யாரோ. டிஸ்க்கில் ஏசிஎல் பெயரைச் சேமிப்பதில்லை, யூஐடி எண்ணைத்தான் சேமிக்கும். அக்கவுண்ட்டை அழித்தால் எண் மட்டும் அங்கேயே கிடக்கும். இது அசிங்கமாகத் தெரிவதோடு நிற்காது. நாளைக்குப் புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது அந்த 1017 அவருக்குப் போனால், போனவரின் சாவி முழுதும் வந்தவர் கையில். நான் முன்பு வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில், பயிற்சிக்கு வந்த பெண் முதல் நாளே சம்பள ஃபோல்டரைத் திறந்துகொண்டு, "அண்ணா, இதை நான் பார்க்கலாமா?" என்று வந்து கேட்டார். அவருக்கு யாரும் எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. எண்தான் கொடுத்தது.

இதை நினைத்தால் 15ஆம் தேதி இரவு எழுதியதிலிருந்து பாதி பின்வாங்கத் தோன்றுகிறது. ஏசிஎல் வேண்டும், ஆனால் ஆள் பெயரில் வேண்டாம். 'கணக்கு-படிப்பவர்', 'கணக்கு-எழுதுபவர்' என்று இரண்டு குரூப் உண்டாக்கி, ஏசிஎல்லில் அந்தக் குரூப்களுக்கு மட்டும் வரி போட்டு, அப்புறம் ஏசிஎல்லை மறந்துவிட வேண்டும். ஆள் வருவதும் போவதும் குரூப் பட்டியலில் நடக்கட்டும். லாக்அவுட் தொல்லை வரும், வரட்டும். ஒரு இடத்தில் பார்த்தால் யார் யார் என்று தெரிகிறதே. ஆள் பெயரில் வரி போட்டு லட்சக்கணக்கான ஃபைலில் இறக்கிவிட்டால், பிறகு அதைத் தேடி எடுப்பது யார்?

அந்த ஆடிட்டர் விஷயத்தில் மட்டும் என் நிலை மாறவில்லை. ஆனால் அவர் போகும்போது எடுக்கவும் வேண்டும். செட்ஃபேக்கிள் -ஆர் -எக்ஸ் யூ:ஆடிட், அதோடு டி:யூ:ஆடிட் என்று டிஃபால்ட்டிலிருந்தும். இரண்டாவதை எல்லாரும் மறப்பார்கள். மறந்தால் இனிப் பிறக்கும் ஃபைலில் எல்லாம் ஆடிட்டர் திரும்ப வந்துவிடுவார், பேய் மாதிரி.

22 ஜூலை

எஸ்எஸ்எச் (வேறு சர்வருக்குள் பாதுகாப்பாக லாகின் செய்யும் புரோகிராம்) பற்றி ஒரு வரி எழுத நினைத்து நீண்டுவிட்டது.

பேக்கப் யூசர் எல்லாருடைய வீட்டையும் படிக்க வேண்டும் என்று /ஹோம் முழுவதும் ஏசிஎல்லை இறக்கிய சர்வர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் யாராலும் தங்கள் கீயைப் பயன்படுத்தி வேறு சர்வருக்குப் போக முடியவில்லை. பெட்டி கட்டிய எச்சரிக்கை, கீயின் பெர்மிஷன் 0640, ரொம்பத் திறந்திருக்கிறது என்று. யாரும் 640 போடவில்லை. பேக்கப்புக்கு ரீட் கொடுத்ததும் மாஸ்க் ஆர் ஆனது, மாஸ்க் குரூப் கட்டத்தில் தெரிகிறது, எஸ்எஸ்எச் குரூப் கட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டது. ஒரு வகையில் அது பயந்தது சரிதான், இன்னொருவர் உங்கள் பிரைவேட் கீயைப் படிக்க முடிகிறதே.

வீட்டு டைரக்டரிக்கே யாருக்காவது ஆர்டபிள்யூஎக்ஸ் கொடுத்தால் எதிர்ப்பக்கம் அடி விழும். சர்வர் பக்க எஸ்எஸ்எச்டி, வீட்டு டைரக்டரியில் குரூப் கட்டத்தில் டபிள்யூ இருந்தால் கீ லாகினையே ஒப்புக்கொள்ளாது, பாஸ்வேர்ட் கேட்கும். லாகில் போய்ப் பார்த்தால்தான் காரணம் தெரியும். டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டரை இந்த விளையாட்டிலிருந்து எப்போதும் விலக்கி வையுங்கள்.

28 ஜூலை

பேக்கப் என்று சொன்னதும் நினைவு வந்தது. டார் (ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டும் கமாண்ட்) சும்மா போட்டால் ஏசிஎல் வராது. --ஏசிஎல்ஸ் என்று சொல்ல வேண்டும், கட்டும்போதும் பிரிக்கும்போதும். க்னூ டாரில் இது 2013இல் வந்த 1.27 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. ஃபைல்களைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க்கில் -ஏ சின்னது போதாது, பெரிய -ஏவும் வேண்டும். சிபி -பி (ஓ, பி, கியூ என்று வருகிற பி) கொண்டுபோகும், போகிற இடம் ஏற்றுக்கொண்டால். பென் டிரைவில் எஃப்ஏடி ஃபைல் சிஸ்டம் இருந்தால் ஏற்காது, முறைத்துக்கொண்டு ஒரு எர்ரர் தரும்.

ஒரு இடத்தில் டிஸ்க் போய், வெளியாள் எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்ட்டின் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள். ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை, எல்லாருக்கும் மகிழ்ச்சி. திங்கட்கிழமை காலையில் யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. பெர்மிஷன் பட்டியல் யாரிடமும் தனியாக இல்லை, யாருக்கு எது என்று துறை துறையாகப் போய்க் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அதிலிருந்து என் பழக்கம், தினமும் இரவில் கெட்ஃபேக்கிள் -ஆர் போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கொட்டிவைப்பது. இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது.

3 ஆகஸ்ட்

"மேக்கில் செட்ஃபேக்கிள் இல்லையே?"

இல்லை. மேக் வேறு குலம். 2005இல் வந்த டைகர் பதிப்பிலிருந்து அங்கே ஏசிஎல் இருக்கிறது, ஆனால் விண்டோஸ், என்எஃப்எஸ் 4 சாயல். சிஎச்மாட் +ஏ என்று போட வேண்டும், பார்க்க எல்எஸ் -எல்இ. அனுமதி வரி, மறுப்பு வரி இரண்டும் உண்டு, மேலிருந்து கீழே வரிசைப்படி பார்க்கும், மாஸ்க் கிடையாது. உங்கள் வீட்டு டைரக்டரியில் டாக்குமெண்ட்ஸைப் பாருங்கள், எல்லாருக்கும் டிலீட் மறுப்பு என்று ஒரு வரி ஏற்கனவே உட்கார்ந்திருக்கும். தெரியாமல் அந்த ஃபோல்டரை யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக.

ஃப்ரீபிஎஸ்டியில் இன்னும் வேடிக்கை. யூஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் நாம் இதுவரை பேசிய வகை, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் என்எஃப்எஸ் 4 வகை, கமாண்ட் பெயர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. இசட்எஃப்எஸ்ஸில் ஏசிஎல்மோட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அது டிஸ்கார்ட் என்று இருந்தால் ஒரு சிஎச்மாட் போட்டதும் நீங்கள் எழுதிய வரிகள் காணாமல் போகும். லினக்ஸில் மாஸ்க் வரியை மறைக்கிறது, அங்கே அழித்தே விடுகிறது. மாஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் கவனிக்க.

லினக்ஸில் இசட்எஃப்எஸ் போட்டவர்களுக்கு: செட்ஃபேக்கிள் 'ஆதரவு இல்லை' என்று சொன்னால் ஏசிஎல்டைப்பைப் பாஸிக்ஸ் என்று மாற்றுங்கள், முதலில் அது ஆஃபில் இருக்கும். ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் இந்த இழையைப் படிக்கவே வேண்டாம், அங்கே ஏசிஎல்லே கிடையாது. நெட்பிஎஸ்டிக்கு 2024இல் 10.0 பதிப்பில்தான் வந்தது.

4 ஆகஸ்ட்

"ஆளுக்கொரு விதமாக ஏன்? ஸ்டாண்டர்ட் என்று ஒன்று கிடையாதா?"

கிடையாது என்பதுதான் பதில், ஒரு விதத்தில். யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரமான பாஸிக்ஸில் 1003.1இ என்று ஒரு வரைவு பல வருடம் ஓடியது. 17ஆவது வரைவோடு கைவிட்டுவிட்டார்கள், 1998 ஜனவரியில் ஆதரவு விலக்கப்பட்டது. அந்த முடியாத வரைவை வைத்துத்தான் ஆளாளுக்குக் கட்டினார்கள். லினக்ஸில் சூசே நிறுவனத்தில் இருந்த ஆண்ட்ரியாஸ் க்ரூன்பாக்கர் அதை ஒழுங்காகச் செய்து 2.6 கெர்னலுக்கு முன்பே உள்ளே கொண்டுவந்தார். நாம் இன்று 'பாஸிக்ஸ் ஏசிஎல்' என்று சொல்வது பாஸிக்ஸில் இல்லாத ஒன்றை. பிறகு என்எஃப்எஸ் 4 வகையையும் லினக்ஸில் கொண்டுவர அவரே ரிச்ஏசிஎல் என்று முயன்றார், மெயின் கெர்னலில் அது சேரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மறுப்பு வரியும் வரிசையும் வந்தால் இந்த இழை இன்னும் மூன்று மடங்கு நீளும்.

அதனால் என்எஃப்எஸ் 4 மவுண்டில் கெட்ஃபேக்கிள் போட்டு வெறும் மூன்று கட்டம் மட்டும் வந்தால் ஏசிஎல் போய்விட்டது என்று அலறாதீர்கள். சர்வரில் பத்திரமாக இருக்கும். அங்கிருந்து பார்க்க என்எஃப்எஸ்4 கெட்ஃபேக்கிள் என்று தனிக் கமாண்ட்.

10 ஆகஸ்ட்

"வீட்டு லேப்டாப்பில் நான் ஒரே ஆள். எனக்கு இதெல்லாம் தேவையே இல்லை."

கெட்ஃபேக்கிள் /டெவ்/எஸ்என்டி/* (ஒலிக் கருவிகள் இருக்கும் இடம்) என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் புரோகிராம்) இருக்கிற டெஸ்க்டாப் என்றால் உங்கள் பெயரில் ஒரு வரி இருக்கும். நீங்கள் லாகின் செய்ததும் சிஸ்டம்டியின் பகுதியான லாகின்டி அதைப் போடுகிறது, வேறொருவர் திரைக்கு வந்ததும் எடுத்து அவருக்குப் போடுகிறது. முன்பு இதற்காக எல்லாரையும் ஆடியோ குரூப்பில் சேர்த்துக்கொண்டிருந்தோம். அப்படிச் சேர்த்தால் வெளியிலிருந்து எஸ்எஸ்எச்சில் வந்தவர்கூட உங்கள் மைக்கைக் கேட்கலாம். சில சிஸ்டம்களில் ஜர்னல் லாக் டைரக்டரியிலும் ஏடிஎம், வீல் என்ற நிர்வாகிக் குரூப்களுக்கு இதே மாதிரி வரி இருக்கும். தேவையில்லை என்று சொல்லிக்கொண்டே பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

18 ஆகஸ்ட்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய சர்வரில் இரவு ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று ஒவ்வொரு ஞாயிறும் 750 போட்டுக்கொண்டிருந்ததாம். எழுதியவர் போய்விட்டார், ஸ்கிரிப்ட் போகவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். எக்ஸிக்யூட் பிட் எல்லா எக்செல் ஃபைலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். பெரிய எக்ஸ் என்பது டைரக்டரிக்கும், ஏற்கனவே யாருக்காவது எக்ஸ் இருக்கிற ஃபைலுக்கும் மட்டும் எக்ஸ் தரும். 750 எல்லாவற்றிலும் எக்ஸ் வைத்துவிட்டதால் அது இங்கே காப்பாற்றாது. ஃபைண்ட் போட்டு டைப் எஃப் மட்டும் பொறுக்கி, சிஎச்மாட் ஏ-எக்ஸ் கொடுங்கள். இந்த சிஎச்மாட் மாஸ்க்கிலிருந்து எக்ஸை மட்டும்தான் எடுக்கும், டபிள்யூவைத் தொடாது.

அவர் கேட்ட இன்னொன்று: "எந்தெந்த ஃபைலில் ஏசிஎல் இருக்கிறது என்று மட்டும் பட்டியல் வேண்டும்." கெட்ஃபேக்கிள் -ஆர் -எஸ் -பி (ஓ, பி, கியூ என்று வருகிற பி). இதில் -எஸ் சின்னது, வெறும் மூன்று கட்டம் மட்டும் உள்ள ஃபைல்களைத் தாண்டிவிடும். -பி முழுப் பாதையைக் காட்டும்.

அந்த -பி இல்லாமல் எடுத்த டெக்ஸ்ட் ஃபைலில் பாதையின் முதல் / வெட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து ஏசிஎல்லைத் திரும்ப வைக்க செட்ஃபேக்கிள் --ரீஸ்டோர் போடும்போது ரூட் டைரக்டரிக்கு, அதாவது / என்ற இடத்துக்குப் போய் நின்றுகொண்டு போடுங்கள். வேறு எங்காவது நின்றால் ஃபைல் இல்லை என்று வரிசையாகக் கத்தும்.